உதகைக்குப் போகாதவர்களின் விடுமுறை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எவரும் 'விடுமுறையைக் கழித்த விதம்' என்னும் தலைப்பிலிருந்து தப்பியிருக்க இயலாது. நண்பனுக்குக் கடிதம், பொதுக்கட்டுரை, ஆங்கிலத் தாளில் ஒரு பத்தி என்று ஏதேனும் ஓர் உருவில் அது வந்தே தீரும். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியர்கள் தரும் வேலையும் பெரும்பாலும் இதுதான். வினா எளியது, நல்லதுங்கூட. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையிடம், இத்தனை நாளும் என்ன செய்தாய், யாரோடு இருந்தாய், என்ன நினைத்தாய் என்று பெரியவர்கள் முறைப்படி கேட்கும் இடம் வேறு எங்கும் இல்லை. கேட்டுவிட்டு விடையையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் என் மனக்குறை.

அந்த விடை எல்லோரும் அறிந்தது. பிள்ளை குடும்பத்தோடு உதகைக்குப் போகும். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா. இயற்கையன்னையின் எழில் கண்டு உள்ளம் பூரிக்கும். அப்பா வாங்கித் தந்த வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே மலை இரயிலில் இறங்கிவரும். சில உரைநூல்களில் உதகை கொடைக்கானலாக மாறும், பூரிப்பில் மாற்றமிராது. (உரைநூல்காரர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. கோனார் உரை இல்லையென்றால் என் தலைமுறையில் பாதிப்பேர் யாப்பிலக்கணத்தைத் தாண்டியிருக்க மாட்டோம்.) வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டுரையை எழுதும் விழுப்புரத்து மாணவனின் வீட்டிலிருந்து ஒரு நகரப் பேருந்துத் தொலைவில் திருவக்கரை இருக்கிறது. இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடையவை என்று சொல்லப்படும் கல்லாய்ச் சமைந்த மரங்கள் அங்கே திறந்த வெளியில் கிடக்கின்றன. செஞ்சிச் சாலையில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. பார்க்காத உதகைப் பூங்காவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதும் கைக்கு, பார்த்த கல்மரத்தைப் பற்றி நான்கு வரி எழுதத் துணிவு வருவதில்லை. அது 'கட்டுரைக்கு உரிய பொருள்' இல்லை என்று அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் மே மாதம் என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். மரக்காணத்து உப்பளங்களில் வேலை உச்சத்தில் இருக்கும் காலம் அது. வெயில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு உப்பு. திண்டிவனத்தைச் சுற்றித் தர்பூசணி அறுத்துச் சாலையோரம் குவித்து விற்கும் காலம். வானூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம். செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் இன்னும் ஊர் திரும்பாத காலம். பள்ளி மூடியிருப்பதால் பிள்ளைகளின் கைகள் ஓய்வாக இருக்கின்றன என்பதை எல்லோரும் அறிவார்கள். சட்டமும் அறியும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்துக்கு 2016ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்கிறது. விடுமுறை என்ற சொல்லுக்கு வேலைக்காலம் என்ற பொருளைச் சட்டமே ஏற்றுக்கொண்ட பிறகும், நம் கட்டுரை ஏட்டில் மட்டும் அது இன்பச் சுற்றுலாவாகவே நீடிக்கிறது.

கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் இதன் விளைவை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பெரும்பாலோர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பேருந்திலும் பயணியர் இரயிலிலும் வருகிறவர்கள். முதல் வாரத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின்பு வீட்டில் இருந்த நாள்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்வேன். பேச்சில் இவர்களை யாரும் வெல்ல முடியாது. வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, பந்தல் போடும் வேலைக்குப் போய்க் கூலி வாங்காமல் திரும்பிய கதையை ஒருவன் சொன்னால் பத்துப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். காகிதத்தைக் கையில் கொடுத்தவுடன் அந்தக் குரல் ஒளிந்துகொள்கிறது. 'விடுமுறை என்பது மாணவர் வாழ்வில் ஒரு வரப்பிரசாதமாகும்' என்று தொடங்குகிறார்கள். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: விடுமுறையில் பெற்றோருக்கு உதவியாக இருந்து நற்பெயர் பெற்றேன். எப்படி உதவினாய் அம்மா என்று கேட்டேன். தாய் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, இரண்டு தம்பிகளுக்கும் பாட்டிக்கும் மூன்று மாதம் சமைத்துப் போட்டிருக்கிறாள். விடியற்காலை நான்கு மணிக்கு வரும் தண்ணீருக்கு எழுந்திருக்கிறாள். அந்த மூன்று மாதத்தில் தன்னைப் பெண் பார்க்க இருவர் வந்துபோனதையும், இரண்டாமவர் வந்த அன்று அடுத்த வீட்டுக்காரர்களின் கூரைக்கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவும் 'உதவியாக இருந்து' என்ற இரண்டு சொல்லுக்குள் மடிந்துவிட்டன.

தமிழ் படித்தவர்கள் இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல், பழைய கிடங்கில். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று. எயிற்பட்டினம் என்று அது சொல்லும் ஊரை இன்றைய மரக்காணத்தோடு பொருத்திக் காண்பார்கள் அறிஞர்கள். நத்தத்தனார் அந்தப் பாட்டில் எதை எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பாணன் வீட்டு அடுக்களை. அதில் அடுப்பெரிந்து நாளாயிற்று. காளான் பூத்துக் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத மடியை இழுக்க, ஈன்ற நாய் பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் இழிவு என்று வெட்கப்பட்டு, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து உண்கிறார்கள். உப்பு வணிகர்கள் வண்டியோட்டிப் போகும் நெய்தல் நிலத்து வழியைக் காட்டும் அதே பாட்டில்தான் உப்பில்லாத இந்தக் கீரையும் வருகிறது. அந்த உமணர் வீட்டுப் பிள்ளைகள் குரங்கோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுவதையும் புலவர் விட்டுவிடவில்லை.

பாணர்கள் கதவை அடைத்தார்கள், புலவர் திறந்தார். இதைத்தான் முதுகலை வகுப்பில் நாம் மணிக்கணக்கில் வியந்து பாடம் நடத்துகிறோம். அதே ஊர்ப் பிள்ளை, அதே போன்ற ஓர் அடுக்களையிலிருந்து எழுந்துவந்து பேனாவைப் பிடிக்கும்போது, கதவை அடைத்துவிட்டு உதகையைப் பற்றி எழுதச் சொல்கிறோம். இலக்கியக் கல்வி எங்கே பிழைத்தது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

'நம் எழுத்தாளர்கள் பால்யத்தை எழுதவில்லையா?' என்று நண்பர்கள் மறுக்கக்கூடும். எழுதியிருக்கிறார்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்', அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு', பதினைந்து வயதுச் சிதம்பரம் தந்தையோடு காட்டில் ஒளிந்து திரியும் பூமணியின் 'வெக்கை', ஆடு மேய்க்கும் பிள்ளைகளைப் பற்றிய பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' என்று பட்டியல் நீளும். விழுப்புரத்துக்கு அருகே வளவனூரில் பிறந்த பாவண்ணன் தம் ஊரையும் இளமையையும் கதையிலும் கட்டுரையிலும் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறார். விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் பணியாற்றிய பழமலய், 'சனங்களின் கதை' வழியாக வீட்டு மனிதர்களையும் வீட்டுப் பேச்சையும் கவிதைக்குள் அழைத்துவந்தார். இவையெல்லாம் பெரியவர்கள் திரும்பிப் பார்த்து எழுதியவை. உ.வே.சா. 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது எண்பது வயதைக் கடந்திருந்தார். மகாவித்துவானிடம் போய்ச் சேர்ந்த அந்தப் பதினாறு, பதினேழு வயது இளைஞனின் அச்சத்தை எவ்வளவு துல்லியமாக நினைவுகூர்ந்தாலும், நூலின் முடிவு அவருக்குத் தெரியும். பதினைந்து வயதுக்குத் தன் கதையின் முடிவு தெரியாது. அந்தத் தெரியாமை நினைவோட்டத்தில் முதலில் கரைந்துபோகிறது.

நடுவயதுக்காரர்கள் பத்திரிகைகளில் எழுதும் கோடை விடுமுறைக் கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுங்கு வண்டி, ஏரிக் குளியல், பாட்டி வீட்டுத் திண்ணை. இனிமையானவைதாம். எனினும் அந்தப் பாட்டி நாற்பது பேருக்குச் சமைத்தாளா, அவளுக்கு உதவிய பதினான்கு வயது அத்தை மகள் ஏரிக்குக் குளிக்கப் போனாளா என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் காணோம். நினைவுக்கு ஆண்பிள்ளைகளின் விடுமுறைதான் பிடிக்கிறது போலும்.

வாழும்போதே எழுதுவதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லாமலில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். குவர்னர் என்ன சொன்னார், மழை எப்படிப் பெய்தது, துணிப் பொதி எப்போது கப்பலேறியது என்று அன்றன்றைய பேச்சுமொழியிலேயே எழுதிவைத்தார். புலமைத் தமிழில் எழுத முயன்றிருந்தால் அதைப் புரட்டிப் பார்க்க இன்று யார் இருப்பார்கள்? உலகறிந்த இன்னொரு நாட்குறிப்பு, 1942 ஜூனில் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த ஏட்டில் ஆனி ஃபிராங்க் எழுதத் தொடங்கியது. அதைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: பாதிக்கு மேல் அம்மாவோடு சண்டை, அக்காவோடு ஒப்பீடு, பாடப் புத்தகம், உருளைக்கிழங்கு. 1944 மார்ச்சில், நெதர்லாந்தின் நாடுகடந்த அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசினார். சாதாரண மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போருக்குப் பின் திரட்ட வேண்டும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் தன் ஏட்டை எடுத்து வைத்துத் திருத்தி எழுத உட்கார்ந்தாள். 'நீ எழுதுவதை நாங்கள் படிக்கப் போகிறோம்' என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியின் மாணவர்கள் எண்மர் சேர்ந்து 1967இல் 'ஆசிரியைக்கு ஒரு கடிதம்' எழுதினார்கள். பொதுப்பள்ளித் தேர்வுகளில் தோற்கடிக்கப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். தாம் படித்த பள்ளிக்கு விடுமுறையே கிடையாது என்றும், ஆண்டின் 365 நாளும் அது நடந்தது என்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். மாட்டுத் தொழுவத்துக்குத் திரும்புவதைவிடப் பள்ளியில் இருப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. பணக்காரப் பிள்ளைக்கு விடுமுறையிலும் வீட்டில் புத்தகமும் பேச்சும் உண்டு. ஏழைப் பிள்ளை மூன்று மாதத்தில் கற்றதை மறந்துவிட்டுத் திரும்புகிறது. இந்த வாதத்தை ஒரு கல்வியாளர் எழுதியிருந்தால் அறிக்கையாக முடிந்திருக்கும். பிள்ளைகள் எழுதியதால் பல நாட்டு ஆசிரியர்களைத் தூங்கவிடாமல் செய்தது.

நம் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு புதியதன்று. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. இருபது மாதமும் ஒரே விடுமுறை. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். எத்தனை பிள்ளைகள் எழுத்தை மறந்தார்கள் என்று பலரும் அளந்தார்கள், அளக்க வேண்டியதுதான். அந்த இருபது மாதத்தில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் கையாலேயே எழுதவைத்துத் தொகுக்கத் தமிழுலகில் பெருமுயற்சி ஏதும் நடந்ததாக நான் காணவில்லை. பெரியவர்கள் எழுதிய ஊரடங்குக் கவிதைகளுக்குக் குறைவில்லை.

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடுக்கோடை, பள்ளி விடுமுறை. அடுத்த மாதம் பள்ளி திறந்தது. வழக்கமான அந்தத் தலைப்பை யாரேனும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால், அந்தக் குப்பத்துப் பிள்ளை என்ன எழுதியிருக்கும்? உதகையை எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். மதிப்பெண் அங்கேதானே இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால், ஏழைப் பிள்ளை எப்போதும் தன் புண்ணைத் திறந்து காட்ட வேண்டும் என்று நான் கேட்பதாக எண்ணிவிட வேண்டாம். அதுவும் ஒரு வன்முறைதான்; உதகைக்குப் பதிலாகக் கண்ணீரைக் கேட்கும் புதிய உரைநூல் எனக்கு வேண்டாம். பதினைந்து வயதின் நாள்களில் பெரும்பகுதி சலிப்பும் அற்பச் சண்டையும்தான். அண்ணன் கைப்பேசியைத் தரமாட்டேன் என்கிறான். அம்மா காலையில் எழுப்புகிறாள். கிரிக்கெட் பந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்துவிட்டது. மயிலம் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டை இல்லை. மழை வலுத்தால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை விடுவாரா என்று விடிய விடியத் தொலைக்காட்சியின் அடிவரியைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓட, இரயில்கள் நின்றுபோயின. பள்ளிகளுக்கு விடுமுறை. விடுமுறை என்று முதலில் குதித்தவர்களும், மறுநாள் புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டவர்களும் ஒரே பிள்ளைகள்தாம். அந்தக் குதியும் எனக்கு வேண்டும். புயலைப் பற்றிப் பின்னாளில் எழுதப்போகும் நாவலாசிரியர் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார். அவருக்கு அது பொருத்தமற்றதாகப் படும்.

இதில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. அதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. பிள்ளை உண்மையை எழுதினால் அதைப் படிப்பவர் யார்? நான் அறிந்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், தீபாவளி விடுமுறையில் அப்பா குடித்துவிட்டு வந்து புதுச்சட்டையைத் தெருவில் எறிந்ததை அப்படியே எழுதிவிட்டான். நேர்மையைப் பாராட்டும் நல்ல எண்ணத்தோடு ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவனுக்குப் பட்டப்பெயர் 'சட்டை'. அவன் மறுபடி எழுதிய கட்டுரைகளெல்லாம் இயற்கையன்னையைப் பற்றியவை. கதவை அடைக்க ஒரு குடும்பத்துக்கு உரிமை உண்டு என்பதைப் பாணன் வீட்டுக்காரியும் சொல்கிறாள் அல்லவா? நத்தத்தனார் ஊர் பேர் சொல்லாமல் திறந்தார். அந்த நாகரிகம் திருத்தும் கைக்கு இருந்தால் போதும்: உரக்கப் படிக்காமல் இருப்பது, மதிப்பெண் போடாமல் இருப்பது, படித்தேன் என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதித் திருப்பித் தருவது. என் வகுப்பில் அப்படித்தான் செய்கிறேன். மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரப்பிரசாதம் மறைந்து பந்தல்காரர் வரத் தொடங்குகிறார். எல்லாருக்கும் அல்ல; சிலருக்கு ஓர் ஆண்டாகிறது.

பத்தாம் வகுப்புத் தமிழில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்றொரு பகுதி இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சொந்தமாக எழுத வேண்டும் என்ற நோக்கம் நல்லது. என் வழக்கு அந்தக் 'கவினுற' என்ற சொல்லோடுதான். கண்டதை எழுது என்று நிறுத்தியிருக்கலாம்.

2022இல் பள்ளிக் கல்வித்துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று மாணவர் இதழ்களைத் தொடங்கியபோது அவற்றில் பிள்ளைகளின் எழுத்துக்கும் இடம் ஒதுக்கியது. திண்டிவனம் ரோசனையில் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய தாய்த்தமிழ்ப் பள்ளி, பிள்ளையின் வீட்டு மொழியும் பள்ளி மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்டது. ஆகவே நான் கேட்பது வானத்திலிருந்து குதித்த புதுமை அன்று. அரசும் ஆசிரியர்களும் தத்தம் அளவில் ஏதோ செய்கிறார்கள்; இலக்கிய இதழ்கள்தாம் இன்னும் தொடங்கவில்லை. விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வரும் இதழ்களுக்கேனும் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். இதழ்தோறும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் எழுதட்டும். பெயர் போட விருப்பமில்லையெனில் போடாதீர்கள், ஊர்ப்பெயர்கூட வேண்டாம். ஒற்றுப்பிழையைத் திருத்துங்கள். 'தண்ணி' என்று இருந்தால் 'தண்ணீர்' ஆக்காதீர்கள். எழுதியவருக்கு ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்புங்கள், வீட்டு முகவரிக்கு அனுப்பலாமா என்று முதலில் கேட்டுவிட்டு.